உன் கல்யாண ஓலையில் நான் கைம்பெண் இல்லை

சவரி,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்க எனக்குக் கை வரவில்லை. நான் நலமாக இல்லை, கோபமாக இருக்கிறேன். உன் நலத்தைப் பற்றி ஏதாவது ஒரு பத்திரிகை போட்டுக்கொண்டே இருக்கிறது, அதனால் அதையும் நான் கேட்க வேண்டியதில்லை. நேற்றுக் காலை நம் ஊர்க் கோயில் உபதேசியார் நம் வீட்டுக்கு வந்தார். வருகிற ஞாயிறு பூசையில் உன் கல்யாண ஓலையை முதல் தடவையாக வாசிக்கப் போகிறார்கள் அல்லவா, அதற்காக நீ மெட்ராசிலிருந்து சாமியாருக்கு அனுப்பிய விவரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். நம் ஊரிலும் பெண் ஊரிலும் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாளுக்கும் பிறந்த மகன், இன்னாருக்கும் இன்னாளுக்கும் பிறந்த மகளைக் கட்டப்போகிறான், தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று ஊர் முழுக்கக் கேட்கும்படி வாசிப்பார்கள். அதில் உன் அப்பா பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போட்டிருந்தாய். மனிதர் குழம்பிப்போய், "என்னாத்தா, எப்பச் செத்தாக? துக்க மணி அடிக்கக்கூட ஆள் அனுப்பலையே" என்று கேட்டார். நான் என்ன சொல்ல? "எனக்கும் இப்பத்தேன் தெரியும்" என்றேன்.

பத்திரிகையில் நீ சொன்னதை நான் பொறுத்துக்கொண்டேன். 'சின்ன வயதிலேயே தந்தையை இழந்து, ஏழைத் தாயின் கண்ணீரில் வளர்ந்தவர்' என்று உன் படத்துக்குக் கீழே போட்டிருந்ததை ஏலக்காய்க் கடையில் என்னோடு வேலை செய்கிறவள் கொண்டுவந்து காட்டினாள். கண்ணீரா, யார் கண்ணீர் என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்த்தேன். சினிமாக்காரர்களுக்கு அப்படி ஒரு கதை வேண்டியிருக்கும், போகட்டும் என்று விட்டேன். ஆனால் அதே கதையைத்தான் திண்டுக்கல்லில் பெண் வீட்டிலும் சொல்லியிருக்கிறாய் என்று இப்போதுதான் தெரிகிறது. நிச்சயம் பண்ணப் போன அன்று ஸ்டெல்லாவின் அம்மா என் கழுத்தைப் பார்த்துப் பார்த்துப் பேச்சை விழுங்கினாரே, அது ஏன் என்றும் இப்போதுதான் புரிகிறது. கைம்பெண் என்று சொன்ன பொம்பளை தாலியோடு வந்து உட்கார்ந்திருந்தால் யார்தான் பார்க்க மாட்டார்கள். உண்மையைச் சொன்னால் கல்யாணம் நின்றுவிடும் என்று நீ பயப்படுகிறாய். நின்றாலும் நிற்கட்டும், அந்தச் சொல்லோடு அந்த ஓலையை நான் வாசிக்க விடமாட்டேன். தடை இருந்தால் சொல்லுங்கள் என்று சாமியார் கேட்கும்போது பொம்பளைகள் பக்கத்திலிருந்து எழுந்து நிற்பது உன் அம்மாவாகத்தான் இருக்கும்.

உன் அப்பா போனது உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. நீ இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாய். அவர் கம்பத்திலிருந்து மலைக்கு அரிசியும் உரமும் ஏற்றிப் போய், அங்கிருந்து ஏலக்காய் மூட்டையோடு இறங்குகிற லாரிக்கு டிரைவர். அவர் என்று எழுதுவது பழக்கம், பாசம் என்று நினைத்துவிடாதே. மேட்டுக்கு அந்தப்பக்கம், கேரளாவில் ஒரு எஸ்டேட்டில் ஒருத்தி வீட்டில் சாப்பாடு என்று ஆரம்பித்து, பிறகு அங்கேயே தங்கல் என்றானது. மலையாளம் சரளமாகப் பேச ஆரம்பித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. கடைசியாக ஒரு பகல் வேளையில் வந்தார். அவருடைய ரெண்டு சட்டை, டிரான்சிஸ்டர், சவரப் பெட்டி எல்லாவற்றையும் எடுத்துப் பையில் வைத்தார். நான் சோறு போட்டேன், சாப்பிட்டார். எழுந்து துண்டால் வாயைத் துடைத்தார். வாசல்வரை போனவர் நின்று, திரும்பி, என்னையும் பார்க்காமல் உன்னையும் பார்க்காமல் அடுப்பைப் பார்த்தார். ஏதோ மறந்துவிட்டவரைப்போல இடது கையால் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு இறங்கிப் போனார். நீ கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நான் கூப்பிடவில்லை, அழவில்லை, காலில் விழவில்லை. போகிறவரைப் பிடித்து வைத்து என்ன செய்வது, தட்டைக் கழுவினேன்.

அதற்குப் பிறகு ஊர் எனக்குச் சொன்ன புத்தி ஒன்றே ஒன்றுதான். செத்துட்டான்னு நினைச்சுக்க. நினைத்துக்கொள்வதோடு விடவில்லை, அப்படியே சொல்லவும் சொன்னார்கள். அந்த நாளில் கோயில் கிடங்கில் கோதுமை ரவையும் பால் பவுடரும் எண்ணெய் டின்னும் வந்து இறங்கும், முதலில் கைம்பெண்களுக்குத்தான் கொடுப்பார்கள். பழைய உபதேசியார் நல்ல மனிதர், என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "புருசன் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுத்தா, மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றார். "புருசன் இல்லைன்னு எத்தனை தடவ வேணுன்னாலும் சொல்றேன், செத்துட்டாகன்னு மட்டும் சொல்ல மாட்டேன்" என்றேன். "ரெண்டும் ஒண்ணுதானத்தா" என்றார். எனக்கு ஒன்றில்லை, சவரி. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. நான் கம்பத்தில் ஏலக்காய்க் கடையில் போய் உட்கார்ந்தேன். பச்சை மாறாததைத் தனியாக, வெளுத்ததைத் தனியாக, வாய் பிளந்ததைத் தனியாகப் பொறுக்கிப் போடுகிற வேலை. சாயங்காலம் ஆனால் நகத்துக்கடியில் எரியும். ரவை வாங்கியவர்கள் வீட்டில் உப்புமா தாளிக்கிற வாசம் வரும்போது நீ என் முகத்தைப் பார்ப்பாய். நானும் உன் முகத்தைப் பார்ப்பேன். யாரும் யாரையும் சமாதானப்படுத்தவில்லை.

நீ மனதில் வைத்துக்கொண்டிருப்பது ரவையை அல்ல, பெரியகுளம் பக்கத்து போர்டிங்கை என்று எனக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் உன்னைச் சேர்க்கக் கூட்டிப் போனேன். புதிதாக வாங்கிய தகரப்பெட்டி, அதில் உன் பெயர் எழுதியிருந்தது. நீ அந்தப் பெட்டியின் மேல் உட்கார்ந்து மற்றப் பிள்ளைகள் பந்து விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உள்ளே போர்டிங் சாமியார் கேட்டார், தகப்பன் உயிரோடு இருக்கிறாரா என்று. இருக்கிறார் என்றேன். அப்படியானால் இலவச இடம் கிடையாது, தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கே இடம் பற்றவில்லை என்றார். வீட்டில் இல்லை, மலையில் இன்னொருத்தியோடு இருக்கிறார் என்றும் சொன்னேன். அதற்கு அவர் புத்தகத்தில் இடமில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வடுகபட்டி விலக்கு வரைக்கும் நடந்து பஸ் ஏறினோம். வீட்டுக்கு வந்து பெட்டியை இறக்கியதும் நீ கேட்டாய், "செத்துட்டாகன்னு சொன்னா என்னம்மா?" நான் அறைந்தேன். அந்த அறையை நீ மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. அதற்காக நான் மன்னிப்புக் கேட்பேன் என்று காத்திருக்காதே. அன்றைக்கு உனக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியாததால் அடித்தேன். இப்போது தெரியும், சொல்கிறேன்.

செத்துப்போனார் என்று சொன்னால் நான் தாலியைக் கழற்ற வேண்டும், வெள்ளை கட்ட வேண்டும், கல்யாண வீட்டில் பின்னால் உட்கார வேண்டும். அதைக்கூடச் செய்துவிடலாம். கல்லறைத் திருநாள் வருமே, அன்றைக்கு நான் அவருக்கு மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். அவர் ஆன்மா இளைப்பாற நீயும் நானும் முழந்தாளிட வேண்டும். செத்தவரைப் பற்றி யாரும் குறை சொல்ல மாட்டார்கள், பாவம் நல்ல மனுசன் என்றுதான் சொல்வார்கள். அவர் மலைமேலே நெய்மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டு இருப்பார், நான் கீழே அவருக்காக செபமாலை உருட்டிக்கொண்டிருப்பேன். நன்றாக இருக்கிறதா கதை? அவர் செய்ததை அவர் தலையிலேயே வைப்பதற்கு எனக்கு இருந்த ஒரே வழி, அவரை உயிரோடு வைத்திருப்பதுதான். வைத்திருந்தேன். அதற்கு உன் படிப்பைக் கொடுத்தேன் என்று நீ சொல்வாய். சொல், சொல்ல உனக்கு உரிமை உண்டு. ஆனால் பொய் சொல்லி வாங்கிய கட்டிலில் படுத்து நீ படித்திருந்தால், ஒவ்வொரு லீவுக்கும் கம்பம் பஸ் ஸ்டாண்டில் லாரியோடு அவரைப் பார்க்கும்போது எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கடந்து போயிருப்பாய்?

அதன்பிறகு நீ ஆடிய ஆட்டம் கொஞ்சமா. ஒன்பதாம் வகுப்போடு படிப்பு போயிற்று. ஜீப்பில் மலைக்கு வேலைக்குப் போவாய், ரெண்டு நாளில் கங்காணி துரத்திவிடுவான், அவன் நடப்பதைப்போலவே அவன் பின்னால் நடந்தாயாம். டீக்கடைச் சேட்டன் பேசுகிற மலையாளத்தை அவர் கடையிலேயே நின்று பேசிக் காட்டினாய், அவர் சுடுதண்ணீர் ஊற்ற வந்தார். கோம்பையில் திராட்சைத் தோட்டத்துக் காவல்நாய்களைப்போலக் குரைத்து, அந்தப் பக்கத்து நாய்களெல்லாம் பதிலுக்குக் குரைக்க, முதலாளி திருடன்தான் வந்துவிட்டான் என்று ஆட்களை விட்டு உன்னைத் தென்னையில் கட்டிப்போட்டாரே, மறந்திருக்காது. ஆள் வந்து சொல்ல, கடையிலிருந்து அப்படியே ஓடி வந்தேன். உன் உதடு கிழிந்திருந்தது. அந்த நேரத்திலும் நீ அவருடைய ஆளைப் பார்த்து மெல்லிசாகக் குரைத்தாய். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. முதலாளி கட்டிலில் சாய்ந்துகொண்டு, "அப்பன் இல்லாத பயலுக இப்படித்தேன் போவாங்ஙெ" என்றார். நான் கட்டை அவிழ்த்துக்கொண்டே சொன்னேன், "இவுகப்பா இருக்காக. மேட்டுக்கு அங்கிட்டு இருக்காக. குறை இருந்தா ஆள் விட்டு அங்கன சொல்லுங்க. வளத்தது நான்தேன், வளப்புல குறைன்னா என்னையக் கட்டுங்க." அவர் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. நாம் இருவரும் நடந்து வந்தோம். ஊர் எல்லை வந்ததும், "அம்மா, நெசமா நாய் மாதிரி இருந்துச்சா?" என்று கேட்டாய். இருந்தது என்று சொன்னேன். யாரிடமும் அவ்வளவு சந்தோஷமாக நீ சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

உன்னைப் பாஸ்குவுக்குக் கேட்டு வந்தது அதற்கு அடுத்த வருடம். பெரிய வெள்ளிக்கிழமை நம் ஊரில் சேசுநாதர் பாடுகளை நாடகமாகப் போடுவது உனக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும். சேசு வேஷம் ஒரு வீட்டுக்கு, சீடர் இராயப்பர் வேஷம் ஒரு வீட்டுக்கு, பிலாத்துவின் தொப்பி ஒரு வீட்டுப் பெட்டியில் என்று எல்லாம் வழிவழியாகப் பங்கு போட்டு வைத்திருந்தார்கள். சேசு வேஷக்காரன் தவக்காலம் முழுக்க ஒருவேளைச் சாப்பாட்டோடு கோயிலில் படுப்பான். சேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் வேஷத்துக்கு மட்டும் வீடு கிடையாது. அதைப் போட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். குடிகாரர் ஒருவர் போட்டுக்கொண்டிருந்தார், அவரும் மலைக்குப் போய்விட்டார். நாடகக் கமிட்டிக்காரர்கள் நம் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். பேச்சைச் சுற்றி வளைத்துக்கொண்டிருந்தபோது ஒருவர் வாய் தவறி, "வேற வீட்டுல கேட்டா அப்பன்மாரு அருவாளத் தூக்குவாக, அதேன் இங்கன வந்தோம்" என்றார். நான் துடைப்பத்தைத் தேடினேன். அதற்குள் நீ உள்ளேயிருந்து, "நான் போடுறேன்" என்று வந்து நின்றாய். ஏன் ஒத்துக்கொண்டாய் என்று அன்றைக்குப் பூரா திட்டினேன். "அதுல ஒருத்தந்தேம்மா ஏதோ பண்றான், மத்தவக எல்லாரும் நின்னுக்கிட்டேயில்ல இருக்காக" என்றாய். நடிப்பைப் பற்றி எனக்கு யாராவது ஏதாவது சொல்லிக்கொடுத்தார்கள் என்றால் அது நீ அன்று சொன்ன அந்த ஒரு பேச்சுதான்.

கரண்டை நம்ப முடியாது என்று அப்போதெல்லாம் பொழுதோடு முடித்துவிடுவார்கள். கோயில் மைதானத்தில் வெயில் சாய்ந்த நேரம். கடைசி இராப்போசனம். சேசு வேஷக்காரர் அப்பத்தைத் தொட்டு உனக்குக் கொடுத்தார். யூதாஸ் அதை வாங்கித் தின்றுவிட்டு வெளியே போக வேண்டும், அவ்வளவுதான். முன்பு போட்டவர் அந்த இடத்தில் பல்லைக் காட்டிக் கண்ணை உருட்டிக்கொண்டு ஓடுவார், சனம் ஊளையிடும். நீ எழுந்தாய். தோளில் கிடந்த துணியால் வாயைத் துடைத்தாய். நாலு எட்டு நடந்து நின்றாய், திரும்பினாய், சேசுவையும் பார்க்காமல் சீடர்களையும் பார்க்காமல் மேசையைப் பார்த்தாய். இடது கையால் மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாய். பிறகு போனாய். அப்பா போனபோது உனக்கு வயது ஆறோ ஏழோ, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை, ஒன்றையும் விடாமல் பார்த்து வைத்திருக்கிறாய். அந்தத் தோள், அந்தக் கால் வைப்பு, போகப் பிடிக்காதவனைப்போல அவ்வளவு மெதுவாகப் போய்விடுகிற அந்தப் போக்கு, எல்லாம் உன் அப்பா. ஊரில் என்னைத் தவிர அது யாருக்கும் தெரியாது. தெரியாமலேயே எல்லாரும் ஊளையிட மறந்துபோனார்கள்.

யூதாஸ் தூக்குப் போட்டுக்கொள்ளும்போது புளியமரத்தைச் சுற்றி நின்று மண்ணை வாரி எறிவது வழக்கம். பொம்பளைகள் முன்பே முந்தானையில் மண்ணோடு நிற்பார்கள். அன்று இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு நீ தொங்கியபோது ஒரு பிடி மண் விழவில்லை. என்னோடு வருடக்கணக்கில் பேசாதிருந்த மேலத்தெருக்காரி ஒருத்தி, கையில் மண்ணை வைத்துக்கொண்டே, "ஏ ராசா, திரும்பிப் போயிருக்கலாமேலே, மன்னிச்சிருப்பாகளே" என்று ஓவென்று அழ ஆரம்பித்தாள். அவளைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவள் அழுதாள். சிலுவையைச் சுமந்துகொண்டு சேசு வந்தபோது பாதிச் சனம் இன்னும் புளியமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. நம் ஊர் பாஸ்குவில் யூதாசுக்காக அழுதது அதுதான் முதல் தடவை. வேறு எந்த ஊரிலும் அப்படி ஒரு தப்பு நடந்திருக்காது.

மறுநாள் காலையிலேயே கமிட்டி கூடிவிட்டது. சேசு வேஷம் போட்டவர் கண்ணில் தண்ணீர் நிற்கிறது, "தவக்காலம் பூராம் பட்டினி கெடந்தவன் நான், அழுகை அவனுக்கா?" என்கிறார். அவர் வருத்தமும் நியாயம்தான். ஆனால் தீர்ப்பு என்ன சொன்னார்கள்? ஈஸ்டர் பூசைக்கு நீ கோயில் வாசலில் முட்டிபோட்டு, உள்ளே போகிறவர்கள் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும். புதிதாக வந்திருந்த சின்னச் சாமியார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ முட்டிபோடத் தயாராக வேட்டியை மடித்துவிட்டாய், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் நடுவில் போய் நின்று கேட்டேன். "தோத்திரம் சாமி. இவன் என்ன தப்புப் பண்ணான்? எழுதிக் குடுத்ததுல ஒரு வார்த்தை கூட்டினானா, குறைச்சானா? சொன்னபடி சேசுவக் காட்டிக் குடுத்தான், சொன்னபடி தொங்குனான். அழுதது சனம். முட்டி போடுறதுன்னா சனத்தப் போடச் சொல்லுங்க." உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்த ஈஸ்டருக்கு நாம் இருவரும் பக்கத்து ஊர்ப் பூசைக்குப் போனோம். அதற்கு அடுத்த வாரம் நீ தேனியில் பஸ் ஏறினாய். போகாதே என்று நான் சொல்லவில்லை. நீ வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்து, "போய்ட்டு வாறேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாய். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

மெட்ராசில் நீ மெஸ்ஸில் இலை எடுத்ததும், கூட்டத்தில் ஒருத்தனாக நின்றதும், வில்லனுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றதும் எனக்குத் தெரியும். கம்பத்தில் உன் படம் வந்தபோது கடைக்காரிகள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போனேன். பணக்காரனைக் குத்திவிட்டு நீ சாவகாசமாகத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, நின்று, சட்டைப்பையைத் தொட்டுவிட்டுப் போகிற இடத்தில் தியேட்டரே விசிலடித்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. மனிதர் நமக்கு ஒரு காசு அனுப்பியதில்லை, ஆனால் அவர் நடையை வைத்து என் பிள்ளை சம்பாதிக்கிறான், கொடுக்காததை எடுத்துக்கொண்டான் என்று நினைத்தேன். யாருடைய நடை அது என்று எனக்குத் தெரியும் என்பதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. இப்போது சொல்கிறேன். அது களவு இல்லை, உன் பங்கு. உன் அப்பா உனக்கு விட்டுப்போனது அது ஒன்றுதான். நன்றாக எடுத்துக்கொள். ஆனால் அவர் நடையை எடுத்துக்கொண்டு, ஆள் செத்துவிட்டார் என்று ஊருக்குச் சொல்லாதே. வெட்கப்பட வேண்டியவர் அவர். அவர் வெட்கத்தை நாம் ஏன் சுமக்க வேண்டும்? ரவைக்கும் போர்டிங்குக்கும் சொல்லாத பொய்யை, இவ்வளவு தூரம் வந்தபிறகு, ஒரு நல்ல வீட்டில் பெண் எடுப்பதற்காக நான் சொல்வேனா?

நேற்று உபதேசியார் போனதும் சாமியாரைப் போய்ப் பார்த்தேன். 'காலஞ்சென்ற' என்ற சொல்லை அடிக்கச் சொன்னேன். "அடிச்சிரலாம்மா. ஆனா பொண்ணு வீட்டுல தெரிஞ்சா கலியாணமே நின்னு போகுமே, யோசிச்சீகளா?" என்றார். அதுவும் நியாயம்தானே, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கேட்டா அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. இன்று காலை முதல் பஸ்ஸில் திண்டுக்கல்லுக்கு வந்தேன். டீச்சர் வேலை பார்க்கிற ஸ்டெல்லா பள்ளிக்கூட லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் அப்பா, அம்மா, அவள், மூன்று பேரையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். உன் அப்பா மலையில் இருப்பதை, அங்கே அவருக்கு இரண்டு பெண்பிள்ளைகள் இருப்பதை, ரவையை, போர்டிங்கை, புளியமரத்தை. நீ எனக்காக வெட்கப்பட்டு மறைத்தாயா, உனக்காக மறைத்தாயா என்று எனக்குத் தெரியாது என்பதையும் சொன்னேன். அவள் அப்பா பாதியில் எழுந்து உள்ளே போய்விட்டார். அவள் அம்மா கொண்டுவந்து வைத்த காப்பி ஆறிப்போனது. ஸ்டெல்லா மட்டும் கடைசிவரை உட்கார்ந்திருந்து ஒன்றே ஒன்று கேட்டாள். "அப்பா ஓடிப்போனா என்ன அத்தை, அதுக்கு அவரு என்ன பண்ணுவாரு. எங்கிட்ட ஏன் சொல்லல?" "அத நான் சொல்லக் கூடாதும்மா. அவன்கிட்டக் கேளு" என்றேன். உள்ளேயிருந்து அவள் அப்பா குரல் வந்தது. "ஓலை வாசிக்கிறதா வேண்டாமான்னு அவளே மெட்ராசுக்குப் போய்க் கேட்டுட்டு வந்து சொல்லட்டும். அவ சொல்றதுதான்."

இங்கே அவர்கள் வீட்டு மேசையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். தாளும் பேனாவும் அவள் கொடுத்தது. சாயங்கால ரயிலில் அவளை அவள் அண்ணன் மெட்ராசுக்குக் கூட்டிக்கொண்டு வருகிறான்.

இதை உன் கையில் கொடுத்தவளை உட்காரச் சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய், பிரித்துப் படிக்கிற அவசரம். முதலில் உட்காரச் சொல். நான் எழுதியதைப் படித்துப் பார் என்று அவளிடமும் நீட்டினேன். "வேண்டாம் அத்தை, அவரு வாயால கேட்டுக்கிறேன்" என்று ஒட்டிக் கொடுக்கச் சொல்லிவிட்டாள். அவள் வேண்டாம் என்று எழுந்து போனாலும் எனக்கு வருத்தமில்லை, உண்மையைக் கேட்டுவிட்டுப் போகிறவளை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உன்னைக் கேட்காமல் போகக் கூடாது என்றுதான் அவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். அவள் கேட்கப்போவதற்கு உனக்கு வசனம் எழுதிக் கொடுக்க இந்தத் தடவை ஆள் கிடையாது. கடிதத்தை மடித்து வை. அவள் முகத்தைப் பார். சொல்.

அம்மா